மேலதிகாரி பார்த்த வரன்

யசுஜிரோ ஓசு 1960இல் எடுத்த ‘அகிபியோரி’ படத்தில் மூன்று நடுவயது நண்பர்கள், இறந்துபோன இன்னொரு நண்பனின் மகளுக்கு வரன் தேடக் கிளம்புகிறார்கள். இருவர் நிறுவன அதிகாரிகள், ஒருவர் பேராசிரியர். வரனுக்காக வெகுதூரம் அலையவேண்டிய அவசியம் இல்லை. அதிகாரிகளில் ஒருவருக்குக் கீழே வேலை பார்க்கும் பையனே பொருத்தமாக இருக்கிறான். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று பெண் தயங்க, அப்படியானால் அம்மாவுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று மூவரும் கணக்குப் போடுகிறார்கள். குழப்பம் முற்றியதும் பெண்ணின் தோழி நேராக அலுவலகத்துக்கே வந்து இந்தப் பெரிய மனிதர்களை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். படத்தில் அலுவலகங்கள் அடிக்கடி வருகின்றன, அலுவலக வேலைதான் அதிகம் கண்ணில் படுவதில்லை. மேசைகளில் நடப்பதெல்லாம் கல்யாணப் பேச்சு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘ஹிகன்பானா’வில் இன்னொரு அதிகாரி, நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் காதல் திருமணத்தைப் புகழ்ந்து பேசிவிட்டு, தன் மகளைக் கேட்டு ஓர் இளைஞன் அலுவலக அறைக்கே வந்து நிற்கும்போது கொதித்துப்போகிறார். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாத ஓசுவுக்குப் பிறர் வீட்டுக் கல்யாணங்களில் இத்தனை அக்கறை இருந்தது தனிக்கதை.

இவற்றை இலேசான குடும்ப நகைச்சுவைகள் என்று ரசித்துவிட்டுப் போகலாம். ஆனால் அலுவலகத்தில் கல்யாணம் பேசும் அதிகாரி, இயக்குநர் சிரிப்புக்காகக் கற்பனை செய்த ஆள் இல்லை. போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம், நாட்டின் மிகப் பெரிய திருமணத் தரகராக நிறுவனமே இருந்தது. அந்தக் கல்யாணங்களில் பெரும்பாலானவை புள்ளிவிவரத்தில் காதல் கல்யாணங்களாகவே பதிவாயின. பார்த்து வைக்கும் திருமணத்தைக் காதல் வென்றது என்பதுதான் இருபதாம் நூற்றாண்டு ஜப்பானைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. தரகர் தோற்கவில்லை, வேலையிடம் மாறினார் என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான கதையாக எனக்குப் படுகிறது.

பழைய தரகர் யார் என்பதை முதலில் பார்க்கவேண்டும். இருவீட்டாருக்கும் நடுவே நின்று சம்பந்தம் பேசி, கல்யாணத்தன்று மணமக்களுக்குப் பக்கத்தில் தம்பதியாக அமர்ந்து, பின்னால் பிணக்கு வந்தால் தீர்த்தும் வைப்பவர் ‘நகோதோ’. தோகுகவா ஆட்சியில் பெருநிலப் பிரபுக்கள் ஷோகுனின் அனுமதி இல்லாமல் சம்பந்தம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டமே இருந்தது. சாமுராய் வீடுகளில் இடையாள் இல்லாத கல்யாணம் மதிப்புக் குறைவு. தோக்கியோவின் பழைய வடிவமான எதோ நகரத்து வணிகர்களிடையே இது பணம் புரளும் தொழிலாகவும் ஆயிற்று. பெண் கொண்டுவரும் சீர்ப்பணத்தில் பத்தில் ஒரு பங்கு தரகுக்கூலி என்பது அங்கே வழக்கம். தரகர் வாயில் பிறக்கும் பொய்யைக் கிண்டல் செய்யும் நகைத்துணுக்குகளுக்கும் பஞ்சமில்லை. 1660களில் கியோபாஷிப் பகுதியில் இருந்த யாமாதோ கெயான் என்ற வைத்தியர், வைத்தியத்தைவிடச் சம்பந்தம் பேசுவதில் பெயர் வாங்கினார். பிற்காலத்தில் வேலையாட்களைப் பிடித்துத் தரும் தரகர்களுக்கும் ‘கெயான்’ என்பதே பெயராயிற்று. வீட்டுக்கு மருமகளைத் தேடித் தருவதும் கடைக்கு ஆள் தேடித் தருவதும் ஒரே வகைக் காரியமாக அன்றைய நகரத்தாருக்குத் தோன்றியிருக்கிறது. முந்நூறு ஆண்டு கழித்து அது மறுபடி உண்மையாகப்போகிறது.

கிராமங்களில் கதை வேறு. அங்கே இளைஞர் குழுக்கள் இருந்தன. ஒரே ஊருக்குள் ஆணும் பெண்ணும் பழகி, ஊரறிய இணைந்த பிறகு பெரியவர்கள் ஒப்புக்கொள்வது பல வட்டாரங்களில் நடைமுறை. நாட்டார் வழக்காற்றியலாளர் யனாகிதா குனியோ காட்டியபடி, ஊர்விட்டு ஊர் சம்பந்தம் பெருகியபோதுதான் இடையாளின் தேவையும் பெருகியது. 1898இல் நடைமுறைக்கு வந்த மெய்ஜி குடும்பச் சட்டம் குடும்பத் தலைவரின் கையில் அதிகாரத்தைக் குவித்து, முப்பது வயதுக்குட்பட்ட ஆணும் இருபத்தைந்துக்குட்பட்ட பெண்ணும் பெற்றோர் சம்மதமின்றி மணக்க முடியாது என்றது. ஆக, காலங்காலமாக நாடு முழுக்க இருந்த மரபாக நினைக்கப்படும் ‘ஓமியாய்’, அதாவது நகோதோ வழியாக நடக்கும் பெண் பார்க்கும் படலம், சாமுராய் வழக்கம் எல்லாருக்கும் பரவியதன் விளைவு. அந்தப் பரவல் பெரும்பாலும் நவீன காலத்தது. தானிசாகியின் ‘சசமேயுகி’ நாவலில் மூன்றாவது சகோதரிக்கு வரன் வரிசையாக வந்து வரிசையாகத் தட்டிப்போவதைப் படித்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். அதில் ஆர்வமாக வரன் கொண்டுவருபவர் அழகு நிலையம் நடத்தும் பெண்மணி. யார் யாரையெல்லாம் அறிவாரோ அவரே தரகர்.

1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, இருவரின் சம்மதம் மட்டுமே திருமணத்துக்கு அடிப்படை என்று எழுதியது. அதன் முன்வரைவை எழுதியவர் நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படை அலுவலகத்தில் இருந்த பியாதே சிரோதா என்ற 22 வயதுப் பெண். 1957இல் கருயிசாவாவின் டென்னிஸ் ஆடுகளத்தில் சந்தித்த, அரச குலத்திலோ பிரபு குலத்திலோ பிறக்காத மிச்சிகோவை 1959 ஏப்ரலில் பட்டத்து இளவரசர் அகிஹிதோ மணந்ததும், காதல் கல்யாணம் நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது. தேசிய மக்கள்தொகை, சமூகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தம்பதிகளிடம் நடத்திவரும் கணக்கெடுப்பு இதை எண்களாகத் தருகிறது. 1930களில் நடந்த திருமணங்களில் பத்துக்கு ஏழு ஓமியாய் வழி. 1960களின் முற்பாதியில் அது மொத்தத் திருமணங்களில் பாதி என்ற அளவுக்குக் குறைந்தது. பிற்பாதியில் காதல் 48.7 சதவீதம், ஓமியாய் 44.9 என்று தட்டு மாறியது. 2010களில் ஓமியாய் 5 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. வழக்கமான கதை இங்கே முடிந்துவிடும்.

அதே கணக்கெடுப்பு இன்னொரு கேள்வியும் கேட்கிறது: முதலில் எங்கே சந்தித்தீர்கள்? 1970களில் மணந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பணியிடத்தில் அல்லது பணி தொடர்பில் என்று சொல்லியிருக்கிறார்கள். பள்ளி, கல்லூரி, அக்கம்பக்கம், பயணம் எதுவும் இதற்குப் பக்கத்தில் வர முடியவில்லை. ஆகவே வென்றது காதல் என்றால், அந்தக் காதலுக்கு இடம் கொடுத்தது யார் என்பதையும் பார்த்தாகவேண்டும்.

போருக்குப் பிந்தைய பொருளாதார உயர்வளர்ச்சிக் காலத்துப் பெருநிறுவனம் ஆண்களை வாழ்நாள் முழுமைக்கும், பெண்களைச் சில ஆண்டுகளுக்கும் எடுத்தது. ஆண்கள் நல்ல பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தார்கள். பெண்கள் மேனிலைப் பள்ளியோ இரண்டாண்டுக் கல்லூரியோ முடித்தவர்கள். பெற்றோர் வீட்டிலிருந்து வந்துபோகும் பெண்ணே வேண்டும், தனியாக அறை எடுத்துத் தங்குபவள் வேண்டாம் என்பது 1980கள்வரை பல நிறுவனங்களின் எழுதா விதி. தேநீர் ஊற்றுவதற்கும் கணக்கு நகல் எடுப்பதற்கும் ஒரு பெண் யார் வீட்டிலிருந்து பேருந்து ஏறுகிறாள் என்பது எதற்கு? வேலைக்கு அது தேவையில்லை, சம்பந்தத்துக்குத் தேவை. நள்ளிரவுவரை அலுவலகத்திலும், அதன் பிறகு மேலதிகாரியோடு மதுக்கடையிலும், வார இறுதியில் அலுவலகச் சுற்றுலாவிலும் கழிக்கும் ஆணுக்கு வெளியே போய்ப் பெண் தேட நேரமில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அவன் வாழ்க்கைமுறையைக் குறை சொல்லாத மனைவி வேண்டுமென்றால், அந்த முறையை உள்ளேயிருந்து பார்த்தவளே நல்லது. கல்யாணம் நிச்சயமானதும் பெண் வேலையை விடுவதற்கு ‘கொத்தோபுகி தைஷா’, மங்கலப் பணிவிலகல், என்று பெயரும் பூச்செண்டும் உண்டு. அவள் காலி செய்த நாற்காலிக்கு அடுத்த ஏப்ரலில் இன்னும் இளையவள் வருவாள். 1968-69இல் ஒரு ஜப்பானிய வங்கிக்குள் இருந்து கள ஆய்வு செய்த தாமஸ் ரோலன், சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் இணையாக விடுதி வாழ்க்கையையும் திருமணத்தையும் தம் நூலில் விவரிக்க நேர்ந்தது இதனால்தான்.

கல்யாண மண்டபத்தில் மேலதிகாரியும் அவர் மனைவியும் நகோதோ தம்பதியாக அமர்ந்தார்கள். ஜோடி தாங்களாகவே காதலித்தவர்கள், சம்பந்தம் பேசியதில் அதிகாரிக்குப் பங்கில்லை. இருந்தும் அவரைக் கேட்டு அமரவைக்காவிட்டால் மரியாதைக் குறைவு. இளைஞன் தன் இல்வாழ்க்கைக்கும் அவரைச் சாட்சியாக்கினான். அவர் அவனுடைய உழைப்பையும் நிறுவனத்தில் அவன் எதிர்காலத்தையும் விருந்தினர்முன் மெச்சிப் பேசினார். அதன்பின் ஆண்டுதோறும் கோடையிலும் வருடக் கடைசியிலும் அவர் வீட்டுக்கு அன்பளிப்புப் போகும். திருமணமானவன் பொறுப்பானவன் என்ற எண்ணத்தால், முப்பதைத் தாண்டியும் ஒற்றையாக இருப்பவன் பதவி உயர்வில் பின்தங்கலாம் என்ற அச்சமும் இருந்தது. தரகருக்குரிய கூலி, மரியாதை, பிந்தைய கண்காணிப்பு மூன்றும் இங்கே வேறு உருவில் இருக்கின்றன.

ஒரே இடத்தில் நாள் முழுக்க இருக்கும் இளைஞர்கள் காதலிப்பது இயற்கைதானே, அதைத் தரகு என்பது மிகைதானே என்று கேட்கலாம். அருகில் இருப்பது மட்டும்தான் காரணம் என்றால் ஆட்சேபம் நிற்கும். ஆனால் தரகரின் வேலை இருவரைச் சந்திக்க வைப்பதோடு முடிவதில்லை; சந்திக்கக் கூடாதவர்களை முன்கூட்டியே வடிகட்டிவிடுவதுதான் அதில் பெரும்பகுதி. அந்த வடிகட்டலை ஆளெடுப்புத் துறை செய்தது. 1975இல் ஒசாகாவில் வெளிப்பட்ட ஒரு விவகாரம் இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட புராகு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு இரகசியமாக விற்றிருக்கிறார்கள். வாங்கியவற்றுள் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், பெரிய பெயர்கள் உட்பட. ஆளெடுக்கும்போது விண்ணப்பதாரரின் பூர்விகத்தைச் சரிபார்க்க அது பயன்பட்டது. கல்யாணத்துக்கு முன் சம்பந்தி வீட்டைத் துப்பறியும் முகமைகளும் இதே வகைத் தகவலைத்தான் விற்றுவந்தன. யார் வேண்டுமானாலும் யாருடைய குடும்பப் பதிவேட்டையும் பார்க்கலாம் என்ற நிலைக்கு 1976இல்தான் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. குலம் கோத்திரம் விசாரித்து முடித்த ஆட்களை ஒரே மாடியில் உட்காரவைத்துவிட்டு, இனி யாரை வேண்டுமானாலும் காதலியுங்கள் என்று சொல்வதற்கு எந்தத் தகப்பனும் அஞ்ச மாட்டான். ஜாதி பார்க்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்த ஏற்பாட்டின் வசதியை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. தரகர் காட்டிய ஒற்றை நிழற்படத்தைப் பார்த்துத் தலையாட்டியதைவிட, ஒரு மனிதனை இரண்டு மூன்று ஆண்டு தினமும் பார்த்து, அவன் கோபம், சோம்பல், குடி எல்லாம் தெரிந்துகொண்டு மணப்பது பெண்ணுக்கு லாபமில்லையா? லாபம்தான். தன் தாய்க்கு இல்லாத தேர்வு அவளுக்கு இருந்தது. பல பெண்கள் நிறுவனத்தைத் தெரிந்தே அதற்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களை ஏமாந்தவர்களாகச் சித்திரிப்பது அவர்கள் புத்தியைக் குறைத்து மதிப்பிடுவது. ஆனால் அந்தத் தேர்வுக்குக் காலக்கெடு இருந்தது. இருபத்தைந்தைத் தாண்டிய பெண்ணை, டிசம்பர் 25க்குப் பிறகு விலைபோகாத கிறிஸ்துமஸ் கேக் என்று கேலி செய்த சமூகம் அது. காலக்கெடுவைப் பல இடங்களில் காகிதத்திலும் எழுதி வாங்கினார்கள். சுமிதோமோ சிமெண்ட் நிறுவனம் 1958 முதல் புதிதாகச் சேரும் பெண்களிடம், கல்யாணம் ஆனால் அல்லது 35 வயதானால் விலகுவேன் என்று உறுதிமொழி பெற்றது. மணமுடித்த பின்னும் விலக மறுத்த ஊழியர் ஒருவரை 1964இல் வேலைநீக்கம் செய்தபோது அவர் நீதிமன்றம் போனார். வீட்டுவேலை சுமந்த பெண்ணின் திறன் குறையும், சம்பளம் மட்டும் பணிமூப்பால் ஏறும் என்பது நிறுவனத்தின் வாதம். 1966 டிசம்பர் 20 அன்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த விதி பொது ஒழுங்குக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது.

சோதிடத்தின்படி கணவனுக்கு ஆகாதவள் என்று கருதப்படும் பெண் பிறக்கும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டும் அதே 1966தான். முந்தைய ஆண்டு 18 லட்சத்தைத் தாண்டிய பிறப்பு அந்த ஆண்டு 13.6 லட்சமாக விழுந்தது. காதல் ஓமியாயை முந்திக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, வருங்கால மருமகளின் ஜாதகத்துக்கு அஞ்சி நாட்டின் கால்வாசிக் குழந்தைகள் பிறக்காமல் போயின. காதல் வந்ததும் பழைய கணக்குகள் கலைந்துவிட்டன என்று நம்புபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

நிறுவனத் தரகு ஒரே நாளில் மூடப்படவில்லை. 1985இல் நிறைவேறிய மூன்று சட்டங்களில் அதன் முடிவும் நீட்டிப்பும் சேர்ந்தே இருந்தன. சமவேலைவாய்ப்புச் சட்டம், கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை நீக்குவதைத் தடுத்தது. ஓய்வூதியத் திருத்தம், சம்பளக்காரர் சார்ந்திருக்கும் மனைவிக்குச் சந்தா கட்டாமலே ஓய்வூதியம் தந்து, வேலையை விட்டவளுக்குச் சன்மானம் வழங்கியது. தற்காலிகப் பணியாளர் அனுப்பும் சட்டம், சொந்தமாகப் பெண் ஊழியர்களை எடுக்காமல் முகமைகளிடமிருந்து வாடகைக்கு எடுக்கும் வழியைத் திறந்தது. அதிகம் பேசப்பட்டது முதல் சட்டம். தரகை உண்மையில் குலைத்தது மூன்றாவது. 1999இல் பெரும்பாலான தொழில்களுக்கு அதைத் தாராளமாக்கியதும், பொருளாதாரத் தேக்கத்தில் செலவைக் குறைக்கத் துடித்த நிறுவனங்கள் எழுத்தர்ப் பணிக்கு நிரந்தரமாகப் பெண்களை எடுப்பதைக் கைவிட்டன. ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்துபோகும் பெண்ணுக்கு அலுவலகச் சுற்றுலாவும் இல்லை, அவளைப் பற்றிக் கவலைப்படும் மேலதிகாரியும் இல்லை. இடையே ஃபுகுவோகாவில் 1989இல் தொடுக்கப்பட்டு 1992இல் வென்ற பாலியல் தொந்தரவு வழக்கு, எப்போது கல்யாணம் என்று மேலதிகாரி கேட்பதே அத்துமீறலாகலாம் என்ற உணர்வைப் பரப்பியது. அது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மண்டபத்தில் நகோதோ தம்பதிக்கான நாற்காலிகளும் 1990களின் இரண்டாம் பாதியில் வேகமாக மறைந்தன. வாழ்நாள் வேலையே உறுதியில்லாதபோது, அடுத்த ஆண்டு யார் மேலதிகாரியாக இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

விளைவைக் கணக்கிட்டவர்கள் இவாசாவா மிஹோ, மிதா ஃபுசாமி என்னும் இரு ஆய்வாளர்கள். 1970களிலிருந்து முதல்திருமண விகிதம் சரிந்ததில் சுமார் பாதி ஓமியாய் குறைந்ததாலும், சுமார் நாற்பது சதவீதம் பணியிடத் தொடர்பில் நடந்த திருமணங்கள் குறைந்ததாலும் வந்தது என்று 2005இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். பள்ளித் தோழமையோ நண்பர் அறிமுகமோ அந்த இடத்தை நிரப்பவில்லை. இரு தரகர்களும் விலகியதும், கல்யாணமே குறைந்தது. ஐம்பது வயதுவரை மணமாகாதவர்கள் 1970இல் ஆண்களில் 1.7 சதவீதம், பெண்களில் 3.3. 2020இல் ஆண்களில் 28, பெண்களில் 18 சதவீதத்தை ஒட்டி.

இது பிரித்துக்காட்டும் கணக்குதான், காரணத்தை நிரூபிக்காது என்று புள்ளியியலாளர் சொல்வார், சரியே. பொருளியலாளர் இன்னும் நேராக, நிரந்தர வேலை இல்லாத ஆணுக்குப் பெண் கிடைப்பதில்லை, தரகரை ஏன் இழுக்கிறீர்கள் என்பார். வருமானம் குறைந்த ஆண்கள் குறைவாகவே மணக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதே ஆய்வு நிறுவனம் மணமாகாதவர்களிடம் 2021இல் நடத்திய கணக்கெடுப்பிலும் 18 முதல் 34 வயதினரில் பத்துக்கு எட்டுப் பேர் என்றாவது மணக்க விரும்புவதாகவே சொன்னார்கள். 25 முதல் 34 வயதினர் இன்னும் மணக்காததற்குச் சொன்ன காரணங்களில் முதலிடம், பொருத்தமானவரைச் சந்திக்கவில்லை என்பதற்கு. பணம் போதவில்லை என்பது அதற்குப் பின்தான். மேலும் இரண்டு காரணங்களையும் பிரித்து நிறுத்த முடியாது. சம்பள உறுதியைப் பறித்த கையும் சந்திக்கும் இடத்தைப் பறித்த கையும் ஒன்றே. நிரந்தர வேலை என்ற ஒரே பொட்டலத்துக்குள்தான் இரண்டும் கட்டப்பட்டிருந்தன.

அப்படியானால் அந்தக் காலத்தை மீட்கவேண்டுமா என்றால், வேண்டாம். பெண்ணின் வேலையைத் தரகுக்கூலியாகப் பிடித்தம் செய்த ஏற்பாடு அது. புராகு பட்டியலை மேசைக்கடியில் வைத்திருந்த ஏற்பாடு. அதை நாகரிகமான காதல் யுகம் என்று நினைவுகூர்பவர்களும், காதல் வந்ததால் குடும்பம் குலைந்தது என்று புலம்புபவர்களும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இருவரும் தரகரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தரகரின் இடம் நெடுநாள் காலியாக இருக்கவில்லை. சமூகவியலாளர் யமாதா மசாஹிரோ, வேலை தேடுவதைப் போலவே திட்டமிட்டு வரன் தேடும் முயற்சிக்கு 2007இல் ‘கொன்கட்சு’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு அது புத்தகமாகி, அதற்கடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடரானது. 2018க்கும் 2021க்கும் இடையில் மணந்தவர்களில் 13.6 சதவீதத்தினர் இணையம் வழி சந்தித்தவர்கள். பணியிடத்தில் சந்தித்தவர்கள் 21 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் தோக்கியோ பெருநகர அரசே இணைசேர்க்கும் செயலி ஒன்றைத் தொடங்கியது. தொடங்கியபோது இரண்டு ஆண்டுக்குக் கட்டணம் 11,000 யென். விண்ணப்பிப்பவர் மணமாகாதவர் என்பதற்குச் சான்றிதழ் தரவேண்டும். ஆண்டு வருமானத்துக்கு ஆவணம் தரவேண்டும். அதன்பின் நேர்காணலும் உண்டு.